சும்மா ஒரு ஸ்தோத்திரம்: தேவனை அவருக்காகவே துதிக்கப் பழகும் வழி

எங்கள் ஊர் உடன்குடிக்குப் பக்கம், தேரி மணலுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஸ்தோத்திர காணிக்கைக் கவர்களை உபதேசியார் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். "மகனுக்கு வேலை கிடைத்ததற்காக 500 ரூபாய்." "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக 1,000 ரூபாய்." "பேத்தியின் முதல் பிறந்தநாளுக்காக 200 ரூபாய்." தாத்தாவை அடக்கம் பண்ணி ஒரு மாதம்கூட ஆகாத ஒரு ஞாயிறு, ஆச்சியின் கவர் வந்தது. உள்ளே 50 ரூபாய். காரணம் எழுதும் கோட்டில் ஒன்றுமே இல்லை. உபதேசியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துக் கேட்டார்: "ஆச்சி, எதுக்குன்னு எழுதலியே. என்னன்னு வாசிக்க?"

ஆச்சி இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "சும்மாதான் ஐயா."

எனக்கு அப்போது 14 வயது. ஆச்சி எழுத மறந்துவிட்டாள், அதைச் சமாளிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பல வருஷம் கழித்து யோபின் புத்தகத்தை நிதானமாக வாசித்தபோதுதான் அந்தச் 'சும்மா' என்னை வந்து பிடித்தது. முதல் அதிகாரத்தில் சாத்தான் தேவனிடம் ஒரு கேள்வி கேட்கிறான்: "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" விருதாவாக என்றால் நம் பேச்சில் சும்மா. எபிரெயத்தில் அந்தச் சொல் 'ஹின்னாம்'. கூலி இல்லாமல், பதிலுக்கு ஒன்றும் வாங்காமல் என்று பொருள். நீர் அவனைச் சுற்றி வேலி அடைத்திருக்கிறீர், ஆடு மாடு கொடுத்திருக்கிறீர், அதனால் கும்பிடுகிறான். எடுத்துவிட்டுப் பாரும் என்பதுதான் அவன் வாதம். 42 அதிகாரமும் அந்த ஒரு சொல்லுக்குப் பதில் தேடிக்கொண்டே போகிறது.

புதிதாக ஜெபிக்கத் தொடங்கியிருக்கிறவர்களுக்காகவும், பல வருஷமாக ஜெபித்தும் தங்கள் ஜெபம் ஒரு பட்டியலாகவே நின்றுவிட்டது என்று உணருகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் தடுமாறிக் கற்றுக்கொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

நன்றி எது, துதி எது

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம்மிடம் இரண்டுக்கும் ஒரே சொல்தான் புழங்குகிறது. "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று 1 தெசலோனிக்கேயர் 5:18-ல் வாசிக்கிறோம். அங்கே கிரேக்க மூலத்தில் உள்ளது நன்றி சொல்லுதல். "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி" என்று சங்கீதம் 103-ல் வாசிக்கிறோம். அங்கே உள்ளது வாழ்த்துதல், போற்றுதல். போதாக்குறைக்கு வழியில் ஒருவரைப் பார்த்தாலும் "ஸ்தோத்திரம் ஐயா" என்கிறோம். ஒரே சொல் மூன்று வேலை பார்க்கும்போது எதைச் செய்துகொண்டிருக்கிறோம் என்பது நமக்கே தெரியாமல் போய்விடுகிறது.

அதனால் சொல்லை விட்டுவிட்டு இலக்கணத்தைப் பாருங்கள். "தந்தீர், காத்தீர், சுகமாக்கினீர், வழிநடத்தினீர்" என்று வினையில் முடிந்தால் அது பெரும்பாலும் நன்றி. "பரிசுத்தர், பெரியவர், மாறாதவர், இரக்கமுள்ளவர்" என்று அவரையே குறிக்கும் பெயரில் முடிந்தால் அது துதி. பள்ளிக்கூடத்தில் படித்த வினைச்சொல், பெயர்ச்சொல் வித்தியாசம்தான். நன்றியில் பெரும்பாலும் 'எனக்கு' ஒளிந்திருக்கும். துதியில் அவர் மட்டும் இருப்பார்.

'நல்லவர்' என்ற சொல்லில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். பார்ப்பதற்குப் பெயர்ச்சொல். மனதுக்குள்ளே பல நேரம் "எனக்கு நல்லது செய்தவர்" என்றுதான் ஓடிக்கொண்டிருக்கும். கேட்டது கிடைத்த அன்று வாய் நிறைய 'நல்லவர்' என்கிறோமே, கிடைக்காத அன்று அந்தச் சொல் எங்கே போகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நன்றி குறைந்தது என்று நான் சொல்லவில்லை. பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்தவன் ஒருவன்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். நன்றி சொல்லாதவன் துதிக்கவும் மாட்டான். சங்கீதம் 103-ன் முதல் வசனம் அவருடைய பரிசுத்த நாமத்தை ஸ்தோத்திரிக்கச் சொல்கிறது. இரண்டாவது வசனம் அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே என்கிறது. நாமம் முதலில், உபகாரம் பிறகு. நாம் இரண்டாம் வசனத்தில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம். முதல் வசனத்துக்குப் போகவே இல்லை. அவ்வளவுதான் என் ஆதங்கம்.

முதல் படி: உங்கள் ஜெபத்தை எழுதிப் பாருங்கள்

இன்று இரவு ஜெபித்து முடித்ததும், என்ன ஜெபித்தீர்களோ அதை ஒரு நோட்டில் அப்படியே எழுதுங்கள். திருத்த வேண்டாம், அழகுபடுத்த வேண்டாம். பிறகு ஒரு பேனாவை எடுத்து 'எனக்கு', 'என்', 'எங்களை', 'எங்களுக்கு' வரும் இடமெல்லாம் அடிக்கோடு போடுங்கள். நான் முதல்முறை செய்தபோது இரண்டு பக்கத்தில் அடிக்கோடு இல்லாத வரி ஒன்றுதான் இருந்தது. "பரலோகத்திலிருக்கிற பிதாவே" என்ற தொடக்கம்.

இதைச் செய்வது உங்களைக் குற்றப்படுத்த அல்ல. கேட்பது பாவமில்லை, "அன்றன்றுள்ள ஆகாரத்தை எங்களுக்கு இன்று தாரும்" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். ஆனால் அந்த ஜெபத்தில் ஆகாரம் எங்கே வருகிறது என்று பாருங்கள். முதலில் உம்முடைய நாமம், அடுத்து உம்முடைய ராஜ்யம், அடுத்து உம்முடைய சித்தம். மூன்று 'உம்முடைய' கடந்த பிறகுதான் முதல் 'எங்களுக்கு' வருகிறது. நம்முடைய வேண்டுதல்களையும் அந்த இடத்துக்குத் தள்ளி வைத்தால் போதும்.

அடுத்த நாளிலிருந்து ஜெபத்தின் முதல் 5 நிமிஷம் 'எனக்கு' வராமல் பேசிப் பழகுங்கள். ஐந்தே நிமிஷம். முதல் வாரம் ஒரு நிமிஷத்திலேயே சொல் தீர்ந்துவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம். அவரைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரிந்து வைத்திருக்கிறோம் என்பது தெரியவருவதே ஒரு தொடக்கம். மீதி நாலு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருங்கள்.

இரண்டாம் படி: அவரே சொன்ன ஐந்து சொல்

சொல் தீர்ந்துபோனால் எங்கே போவது? தேவன் தம்மைப் பற்றித் தாமே சொன்ன இடத்துக்கு. மோசே "உம்முடைய மகிமையை எனக்குக் காண்பித்தருளும்" என்று கேட்டான். அதற்குப் பதிலாக அவர் சீனாய் மலையில் தம்முடைய நாமத்தைக் கூறினார். யாத்திராகமம் 34:6: "கர்த்தர், கர்த்தர்; இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." பிற்பாடு சங்கீதக்காரர்களும் யோனாவும் நெகேமியாவும் இந்த வரியைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசுகிறார்கள். இஸ்ரவேலருக்கு தேவனைப் பற்றிய பாலபாடம் இதுதான்.

ஐந்து சொல், ஐந்து வாரம். ஒரு வாரம் முழுக்க ஒரே சொல்லோடு இருங்கள். எனக்கு அதிக நாள் தேவைப்பட்டது 'நீடிய சாந்தம்'. எபிரெயத்தில் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'நீண்ட மூக்கு உடையவர்' என்று வரும். அவர்களுக்கு மூக்கும் கோபமும் ஒரே சொல்; கோபம் வந்தால் மூச்சு சூடாகி மூக்கு விடைக்கிறதல்லவா. மூக்கு நீளம் என்றால் அந்தச் சூடு ஏற நேரம் எடுக்கும். நம் ஊரிலோ கோபக்காரனை "மூக்குக்கு மேல கோபம்" என்போம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வார்த்தையை அவர் சொன்னது எப்போது என்பதையும் பாருங்கள். பொன்னாலே கன்றுக்குட்டி செய்து, அதைச் சுற்றி ஆடி, கற்பலகைகள் உடைந்துபோன அதே நாட்களில். ஒன்றும் நடக்காத அமைதியில் சொன்னதல்ல அது.

அடுத்த வசனத்தையும் விட்டுவிடாதீர்கள். பாவத்தை மன்னிக்கிறவர், ஆனால் குற்றத்தைக் கண்டும் காணாமல் விடுகிறவர் அல்ல என்று அதிலே வருகிறது. நமக்குப் பிடித்த குணங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு துதித்தால், நாம் துதிப்பது நாமே செய்துகொண்ட ஒருவரை. பரிசுத்தம், நீதி, நியாயத்தீர்ப்பு இவற்றுக்காகவும் துதிக்கப் பழக வேண்டும். அது மெதுவாகத்தான் வரும். ஏழைக்கு அநியாயம் நடப்பதைப் பார்த்து வயிறு எரிந்த ஒரு நாளில், "நீர் நீதியுள்ளவர்" என்ற சொல்லை வாயில் வைத்துப் பாருங்கள். அன்று அது கசக்காது.

ஐந்து வாரம் முடிந்தால் அப்புறம் ஏசாயா 6-க்குப் போங்கள்: சேராபீன்கள் இரண்டு செட்டையால் முகத்தை மூடி, இரண்டால் கால்களை மூடி, இரண்டால் பறந்து, 'பரிசுத்தர்' என்று மூன்று தரம் சொல்கிறார்கள். கேட்பதற்கு அவர்களிடம் ஒன்றுமில்லை. பிறகு 'மாறாதவர்' என்று மல்கியா 3:6, 'அநாதியாய் தேவனாயிருக்கிறவர்' என்று சங்கீதம் 90:2. போகப்போக நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

மூன்றாம் படி: 'அவர்' என்பதை 'நீர்' என்று மாற்றுங்கள்

சங்கீதத்தை வாசிப்பதும் சங்கீதத்தால் ஜெபிப்பதும் வேறு. வித்தியாசம் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது: படர்க்கையை முன்னிலை ஆக்குவது. "கர்த்தர் பெரியவர்" என்பது அவரைப் பற்றிய செய்தி. "நீர் பெரியவர்" என்பது அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் சங்கீதம் 93-ஐக் கொடுப்பேன். 5 வசனம்தான். அதில் 'நான்' இல்லை, 'எனக்கு' இல்லை, ஒரு வேண்டுதல்கூட இல்லை. முதல் வசனம், "கர்த்தர் ராஜரிகம்பண்ணுகிறார், மகத்துவத்தை அணிந்துகொண்டிருக்கிறார்." இதை வாய்விட்டு, "ஆண்டவரே, நீர் ராஜரிகம்பண்ணுகிறீர். மகத்துவத்தை அணிந்துகொண்டிருக்கிறீர்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இரண்டாம் வசனத்தில் சங்கீதக்காரனே திரும்பி அவரைப் பார்த்துவிடுகிறான்: "உமது சிங்காசனம் பூர்வமுதல் உறுதியானது, நீர் அநாதியாயிருக்கிறீர்." அங்கே மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை. அவன் சொன்னதையே சொல்லுங்கள்.

மூன்றாம் வசனத்தில் நதிகள் எழும்பின, எழும்பின, எழும்பின என்று மூன்று தரம் வருகிறது. அலை அடிக்கிற தாளம் அது. எங்கள் ஊரில் காற்று திரும்பிய இரவுகளில் கடல் இரைச்சல் வீட்டுக்குள் கேட்கும். சின்ன வயதில் பாயில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டிருக்கிறேன். நிற்கும் என்று நினைப்போம், நிற்காது. நாலாம் வசனம், அந்த இரைச்சலைப் பார்க்கிலும், சமுத்திரத்தின் வலுமையான அலைகளைப் பார்க்கிலும், உன்னதத்திலே கர்த்தர் வல்லமையுள்ளவர் என்கிறது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று குமரிக் கரையில் ஆழிப்பேரலை வாரிக்கொண்டு போன வீடுகளில் இருந்தவர்களுக்கு இந்த வசனம் வெறும் கவிதை அல்ல. அலைகள் எழும்பவே இல்லை என்று சங்கீதம் சொல்லவில்லை. எழும்பின என்று மூன்று தரம் ஒத்துக்கொள்கிறது. எழும்பிய பிறகும் சிங்காசனம் இருக்கிற இடத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. அதை அவர்கள் எப்போது சொல்ல வேண்டும் என்று கரையில் நின்றவன் தீர்மானிக்கக் கூடாது.

இப்படி ஒரு சங்கீதத்தை ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். 93 முடிந்தால் 145. அதிலே "அவருடைய மகத்துவம் ஆராய்ந்து முடியாது" என்ற மூன்றாம் வசனத்திலேயே நீங்கள் பல நாள் தங்கிவிடக்கூடும். தங்கினால் நல்லது.

நாலாம் படி: தந்தீர் என்பதிலிருந்து தருகிறவர் வரை

நன்றி சொல்லித்தான் பழக்கம், துதிக்க வாய் வரவில்லை என்கிறவர்களுக்கு நல்ல ஏணி சங்கீதம் 136. 26 வசனம். ஒவ்வொன்றின் முன்பாதி அவர் யார் என்றோ என்ன செய்தார் என்றோ சொல்லும், பின்பாதி எப்போதும் "அவர் கிருபை என்றுமுள்ளது." நம் தமிழ் வேதாகமத்தில் அதைக் கவனித்து வாசியுங்கள். "சமுத்திரத்தை இரண்டாகப் பிரித்தார்" என்று போகாமல், "பிரித்தவரைத் துதியுங்கள்" என்று வருகிறது. "ஆகாரம் கொடுத்தார்" என்று சொல்லாமல் "ஆகாரங்கொடுக்கிறவரை" என்கிறது. செய்கை ஒரு ஆளாக மாறிவிடுகிறது. வினையாலணையும் பெயர் என்று இலக்கண வகுப்பில் படித்தது இவ்வளவு தூரம் கூட்டிப்போகும் என்று நான் நினைத்ததில்லை.

செய்து பார்ப்போம். உங்கள் தங்கைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. "ஆண்டவரே, தங்கைக்குச் சுகம் தந்தீர்" என்று தொடங்குங்கள். அது நன்றி. அடுத்து, "சுகம் தந்தவர் நீர்." இன்னும் ஒரு படி: "சுகம் தருகிறவர் நீர்." இப்போது நேற்று நடந்த ஒரு காரியம் அவருடைய சுபாவமாகிவிட்டது. கடைசிப் படி: "நீர் உருக்கமுள்ளவர்." காய்ச்சலும் இல்லை, தங்கையும் இல்லை, அவர் மட்டும் நிற்கிறார். இதை வேகமாகச் சொல்லி ஓடாதீர்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுங்கள்.

ஆசீர்வாதத்தைத் தள்ளிவிட்டுத்தான் அவரைத் துதிக்க வேண்டும் என்று சிலர் கண்டிப்பாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் யார் என்று நமக்குத் தெரிந்ததே அவர் செய்ததை வைத்துத்தான். சங்கீதம் 150 ஒரே வசனத்தில் அவருடைய வல்லமையான கிரியைகளுக்காகவும் துதிக்கச் சொல்கிறது, மாட்சிமை பொருந்திய மகத்துவத்துக்காகவும் துதிக்கச் சொல்கிறது. கத்தோலிக்கத் திருப்பலியில் திருவருகைக்காலமும் தவக்காலமும் தவிர மற்ற ஞாயிறுகளில் பாடும் உன்னதங்களிலே கீதத்தில் இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது: கடவுளுடைய மேலான மாட்சிமைக்காகவே அங்கே நன்றி சொல்கிறார்கள். அவர் அவராக இருப்பதற்கே நன்றி. நன்றியும் துதியும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

ஐந்தாம் படி: உங்கள் சொந்த ஆபகூக்

இது கஷ்டமான படி. அவசரப்பட வேண்டாம், முதல் நாலு படியில் இரண்டு மூன்று மாதம் நடந்த பிறகு வாருங்கள்.

ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் மூன்றாம் அதிகாரத்தின் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கிறது. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும், ஒலிவமரத்தின் பலன் அற்றுப்போனாலும், வயல், ஆட்டுமந்தை, தொழுவத்து மாடு என்று ஆறு இழப்பு. ஒரு யூத விவசாயியின் வீட்டுக் கணக்கு முழுக்க அதிலே இருக்கிறது. ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டால் மிஞ்சுவது பட்டினி. அதற்குப் பிறகு "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்று எழுதுகிறான்.

நாம் அத்திமரம் வைத்துப் பிழைக்கவில்லை. அதனால் அந்த வசனம் நமக்கு அழகாக மட்டும் கேட்கிறது. அதை உங்கள் வீட்டுக் கணக்கில் எழுதிப் பாருங்கள். ஆச்சி எழுதப் படிக்க அதிகம் தெரியாதவள், ஆனால் மழை பொய்த்து, பனையில் சுரப்பு குறைந்து, கருப்பட்டி காய்ச்ச ஒன்றும் இல்லாத ஒரு வருஷம், விடியற்காலை ஜெபத்தில் அவள் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்: "பயினி சுரக்காட்டாலும் நீரு தேவன். கெணறு வத்துனாலும் நீரு தேவன்." அதற்குப் பிறகுதான் மழை கேட்டாள். கேட்காமல் விடவில்லை.

உங்கள் பட்டியலில் வேறு இருக்கும். ஆஃபர் லெட்டர் வராமற்போனாலும். விசா மறுபடியும் திரும்பி வந்தாலும். ஸ்கேனில் இந்த மாதமும் ஒன்றும் தெரியாமற்போனாலும். ஆறு வரி எழுதுங்கள். எழுதும்போது கை நிற்கும் இடம் ஒன்று வரும்; "இதை மட்டும் எழுத முடியாது" என்று தோன்றும். அந்த வரியை வெறுமையாக விடுங்கள். பொய்யாக எழுதுவதைவிட அது நல்லது. எங்கே நிற்கிறோம் என்று தேவனுக்கு முன்பாக ஒத்துக்கொண்டதாக இருக்கட்டும். என் நோட்டில் ஒரு வரி பல வருஷமாக வெறுமையாகவே இருக்கிறது.

ராஜா நிறுத்திய சிலையை வணங்க மறுத்த சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்ற மூன்று பேர் அக்கினிச் சூளைக்கு முன்னால் சொன்னதில் ஒரு சொல் இந்தப் படியின் சாவி. எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்கிறார்கள், விடுவிப்பார் என்கிறார்கள், உடனே "விடுவிக்காமற்போனாலும்" என்கிறார்கள். மூன்றும் ஒரே மூச்சில். வல்லவர் என்பதை அவர்கள் சூளையின் முடிவு தெரிவதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள்.

சறுக்குகிற இடங்கள்

எல்லாவற்றிலும் பெரிய சறுக்கல், துதியை ஒரு சாவியாக்குவது. துதித்தால் கதவு திறக்கும், துதித்தால் எரிகோ விழும், தடை உடையும் என்று நிறையக் கேட்டிருப்பீர்கள். பிலிப்பி சிறைச்சாலையில் நடுராத்திரியில் பவுலும் சீலாவும் பாடினார்கள், பூமி அதிர்ந்தது, உண்மைதான். ஆனால் பாடத் தொடங்கியபோது முதுகில் அடிபட்ட காயமும் தொழுமரத்தில் மாட்டின காலும்தான் இருந்தன. பூமி அதிரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. யோசபாத் ராஜா யுத்தத்துக்குப் போகும்போது சேனைக்கு முன்னால் பாடகரை நிறுத்தினானே, அவர்கள் பாடியது என்ன? "கர்த்தரைத் துதியுங்கள், அவர் கிருபை என்றும் உள்ளது." எதிரி ஒழிக என்று அதில் இல்லை. துதியைக் கொடுத்துக் காரியத்தை வாங்கப் பார்த்தால், அது மறுபடியும் கூலிக் கணக்காகிவிடும். சாத்தானின் கேள்விக்கு நாமே 'ஆமாம்' சொல்லிவிடுகிறோம்.

அடுத்தது வேகம். ஆயிரம் ஸ்தோத்திரங்கள் அச்சிட்ட சின்னப் புத்தகம் பல வீடுகளில் இருக்கும். நல்ல புத்தகம், வேதத்தில் உள்ள நாமங்களைத் தேடித் தொகுத்துக் கொடுக்கிறது. சொல் தெரியாதவர்களுக்குச் சொல் தரும். ஆனால் முக்கால் மணி நேரத்தில் ஆயிரமும் முடித்துவிட்டேன் என்பதில் என்ன இருக்கிறது? ஒரு நாளைக்கு மூன்று எடுங்கள். மூன்றையும் வேதத்தில் தேடி, எந்தச் சூழ்நிலையில் அந்த நாமம் வந்தது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

"தேவனுக்கு எதற்கு நம் புகழ்ச்சி, அவருக்கு அது தேவையா?" என்று வாலிபர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. தேவையில்லை. சங்கீதம் 50-ல் அவரே, நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன் என்கிறார். முதல்முறை கடலைப் பார்த்த பிள்ளை "எம்மாடி!" என்று கத்துகிறதே, கடலைச் சந்தோஷப்படுத்தவா கத்துகிறது? பார்த்ததால் வாய் திறந்துவிட்டது. துதி அப்படித்தான் வர வேண்டும், அதற்குப் பார்க்க வேண்டும். அதனால்தான் இவ்வளவு நேரமும் வேதத்தைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து கேளுங்கள். துக்க வீட்டில் போய் "துதியுங்கள், எல்லாம் சரியாகும்" என்று சொல்லாதீர்கள். யோபு "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்றது அவனே சொன்னது; வேறு எவரும் அவன் காதில் ஓதியதல்ல. வஸ்திரத்தைக் கிழித்து, தலையைச் சிரைத்து, தரையில் விழுந்த பிறகு சொன்னது. அவன் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாள்தான் அவர்கள் செய்த நல்ல காரியம். சங்கீதம் 88 இருட்டிலேயே முடிகிறது, வெளிச்சம் வரவில்லை. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது, அதையும் ஜெபிக்கலாம். உங்களுக்கே அப்படி ஒரு நாள் வந்தால் துதி வரவில்லையே என்று பயப்பட வேண்டாம். "நீர்" என்று அவரைப் பார்த்து அழ முடிந்தால் போதும்.

வீட்டில்

தனியாகப் பழகியதைக் குடும்ப ஜெபத்துக்குக் கொண்டுவருவது எளிது. எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபத்தில் பிள்ளைகளிடம் "இன்னைக்கு ஆண்டவர் உனக்கு என்ன தந்தார்?" என்று கேட்பது வழக்கம். அதை நிறுத்தவில்லை. அதற்கு முன்னால் இன்னொரு கேள்வியைச் சேர்த்தோம்: "ஆண்டவர் எப்படிப்பட்டவர்?" முதல் சில நாள் எல்லாரும் "நல்லவர்" என்றே சொன்னார்கள். ஏன் நல்லவர் என்று கேட்டால் புது சைக்கிளில் போய் முடிந்தது. சரி என்று விட்டுவிட்டு, தினமும் ஒரு சங்கீதத்திலிருந்து இரண்டு வசனம் மட்டும் வாசித்தோம்.

ஒரு நாள் சங்கீதம் 121 வந்தது. கேள்வி சின்னவளிடம் வந்தபோது அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவரு தூங்கவே மாட்டாரு" என்றாள். "நாம தூங்குறப்ப?" என்று அண்ணன் கேட்டான். "அப்பவும்." "நாம எந்திரிக்கலன்னா?" அவள் பதில் சொல்லவில்லை. சுவரில் தாத்தா படம் இருக்கும் பக்கம் பார்த்தாள். பிறகு, "அப்பவும் முழிச்சிட்டுத்தான் இருப்பாரு" என்றாள். அன்றைக்கு ஜெபத்தில் வேறு எதையும் யாரும் சேர்க்கவில்லை. அவள் சொன்னதையே ஒவ்வொருவரும் ஒருமுறை "நீர்" போட்டுச் சொல்லிவிட்டு, விளக்கை அணைத்துப் படுத்தோம்.